நெஞ்சுக் கோளாறும் ஞாயிற்றுக்கிழமைப் படங்களும்

அன்பு மகள்,

போன்ல சொல்லிடலாம்னுதான் பாத்தேன். மூணு தடவ ஒன் நம்பர அமுக்கி மூணு தடவையும் வச்சிட்டேன். நேருல வந்து சொல்ற தைரியமும் இல்ல. கடுதாசியில எழுதினா நடுவுல நீ அழுறது எனக்குக் கேக்காது, நான் முழுங்கி முழுங்கிப் பேசுறது ஒனக்குத் தெரியாது. அதனாலதான் எழுதுறேன். போன செவ்வாக்கெழம நீ பேசினப்ப, மாப்பிள்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்ன. சின்ன வயசுல நெஞ்சுக் கோளாறுன்னு ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகாம வீட்டுலயே இருந்தது, பிள்ள பெத்துக்க இந்த ஒடம்பு தாங்குமோ தாங்காதோ தெரியாதுங்கிறது, எல்லாத்தையும் சொல்லி, வீட்டுல கலந்துக்கிட்டு முடிவு சொல்லுங்கன்னு விட்டுட்டதா சொன்ன. பரிசம் போட மூணு கெழம இருக்கையில இப்பிடி சொல்ற பொண்ணு எத்தன பேரு இருப்பாங்க? மறைச்சி வச்சி வாழப் போக எனக்கு இஷ்டமில்லப்பா, நான் செஞ்சது சரிதானேன்னு கேட்ட. நான் "ம்"னு மட்டும் சொல்லிட்டு போன ஒங்கம்மா கையில குடுத்துட்டு வெளிய போயிட்டேன். நீ கேட்ட கேள்விக்கு அந்த "ம்" பதில் இல்ல. பதில் இதுதான். ஒனக்கு நெஞ்சுல கோளாறு எதுவும் கெடையாது. ஒருநாளும் இருந்ததில்ல. அது நான் சொன்ன பொய்.

இத எழுதிட்டு கொஞ்ச நேரம் பேனாவ வச்சிட்டு வெளிய போயி நின்னேன். நீயும் இந்த எடத்துல கடுதாசிய மடிச்சி வச்சிட்டுப் போவ. பரவால்ல, போயிட்டு வந்து படி. ஏன் சொன்னேங்கிறதயும் தெரிஞ்சிக்கிட்டுத்தான் நீ என்னயத் திட்டணும், அரகொறயா திட்டினா பத்தாது.

நான் தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்தவன்னு ஒனக்குத் தெரியும். ஆனா நான் அத வாயத் தெறந்து சொல்லி நீ கேட்டிருக்க மாட்ட. அஞ்சாம் நம்பர் லயத்துல, வரிசையா இருக்குற ஒத்த ரூமு வீட்டுல மூணாவது காம்பரா. எங்கக்கா, ஒன் அத்தை, மூணாம் வகுப்போட நின்னு கொழுந்தெடுக்க மலைக்குப் போனதுனாலதான் நான் அட்டன்ல தங்கிப் படிச்சேன். படிச்சி முடிச்சி அதே தோட்டத்துல கிளாக்கரா வந்து உக்காந்தேன். ஸ்டாப் குவாட்டர்ஸ் குடுத்தாங்க, முன்னால பூச்செடி, பின்னால தண்ணிக் கொழாய். அத்தையும் மாமாவும் அதே லயத்துல இருந்தாங்க. குவாட்டர்ஸ் வாசல்ல நின்னா லயத்துத் தகரம் தெரியும், அதனால நான் வாசல்ல நிக்கவே மாட்டேன். நீ தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு படிச்சிக்கிட்டு இருந்த. ஒரு நாள் ஆபிஸ் முடிஞ்சி வர்றப்ப பாதையில ஒன்னயப் பாத்தேன். அத்தை மக கலாவும் நீயும் வந்துக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேரும் புத்தகப் பையோட வார நெத்தியில போட்டு, பைய முதுகுல கொழுந்துக் கூட மாதிரி தொங்க விட்டு, ரோட்டோர செடியில இல பிச்சி பைக்குள்ள போட்டுக்கிட்டு, ஒரே சிரிப்பு. "கிளாக்கரய்யா, எங்க கொழுந்த நிறுங்க"ன்னு என்னயப் பாத்து கத்தின. பின்னால வந்துக்கிட்டு இருந்த ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க, நல்ல சிரிப்புத்தான் அது. எனக்கு மட்டும் ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சி. ஒரு தலமொற முழுக்க நெத்தியில கயித்தத் தூக்கி என்னய எறக்கி விட்டுச்சே, எம்புள்ள வெளையாட்டுக்குக்கூட அத மாட்டக் கூடாதுன்னு நெனச்சேன். அந்தக் கயிறு என் நெத்தியில ஒரு நாளும் ஏறினதில்ல, ஏறினது அத்தை நெத்தியில. அத அப்ப நெனைக்கல.

பள்ளிக்கூடத்துல இருந்து ஒன்னய நிப்பாட்டி நானே படிப்பிக்கலாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மூணு வகுப்புக்கு ஒரு வாத்தியாரு இருந்த பள்ளிக்கூடம், அதுலயும் நியாயம் இருந்திச்சி. ஆனா என்னன்னு சொல்லி நிப்பாட்டுறது? கிளாக்கரு மகளுக்கு நம்ம புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் பத்தலயாம்னு தோட்டமே பேசும். அதுவும் நான் படிச்ச பள்ளிக்கூடம், கலா படிக்கிற பள்ளிக்கூடம். அந்தப் பேச்சு வேணும்னு எவன் கேப்பான்? அந்த நேரத்துலதான் ஒனக்குக் காய்ச்சல் வந்திச்சி. முட்டியெல்லாம் வீங்கி பத்து நாள் படுத்துக் கெடந்த. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம், ஒங்கம்மாவுக்கும் சொகமில்லாததால அத்தைதான் மலைக்குப் போகாம என்கூட வந்தாங்க. இது நெஞ்சத் தாக்குற காய்ச்சலா இருக்கலாம்னு அங்க சந்தேகப்பட்டாங்க, அது நெசம். ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சுல கொழாய வச்சிப் பாத்தாங்க. ஒரு மாசம் கழிச்சி அத்தையும் நானும் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போனோம். டொக்டர் நல்ல மனுசன், நெதானமா வச்சிப் பாத்துட்டு, ஒனக்கு வெளங்காத சிங்களத்துல சொன்னாரு: "தென் ஹொந்தய். இஸ்கோலே யவன்ன." இப்ப நல்லாயிருக்கு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு. நெஞ்சுல எதுவும் இல்ல, ஓடட்டும் ஆடட்டும்னும் சொன்னாரு. வீட்டுக்கு வந்து ஒங்கம்மாகிட்ட நான் சொன்னது என்ன தெரியுமா? ரெண்டு வருஷம் ஏறி எறங்கக் கூடாதாம், நெஞ்சு பலவீனமாம். எப்பிடி அவ்வளவு லேசா வாயில வந்திச்சோ தெரியல. ஒங்கம்மா சாமி படத்துக்கு முன்னால போயி உக்காந்துட்டா. நீ பாய்ல இருந்தபடி என்னயவே பாத்துக்கிட்டு இருந்த. ஒனக்கு ஒம்பது வயசு.

கலா ஒரு வாரம் வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டுச்சி. நானே வெளிய போயி, அவளுக்கு ஒடம்புக்கு ஆகாது, சத்தம் போடாதன்னு அனுப்பிட்டேன்.

இப்ப அந்தப் படப் பாடங்களுக்கு வாறேன். இப்ப நீ டீச்சரா இருக்குற பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு படம் காட்டித்தான் எல்லாப் பாடமும் சொல்லிக் குடுக்குறியாம், யாரு கேட்டாலும் எங்கப்பாகிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்றியாம். பொண்ணு பாக்க வந்தப்பகூட மாப்பிள்ள வீட்டாளுங்க முன்னால அத பெருமையா சொன்ன. நான் டீ எடுத்துக்கிட்டு வர்றேன்னு எந்திரிச்சிப் போயிட்டேன், ஞாபகம் இருக்கா? சண்ட நின்னு, பாதையெல்லாம் தெறந்து, நாட்டுல கொஞ்சம் மூச்சு விட்ட வருஷங்க அது. ஆபிஸுக்கு கம்பியூட்டர் வந்திச்சி, டெலிபோன் வயரு வழியா இன்டர்நெட்டும் வந்திச்சி. ஞாயித்துக்கெழம தோட்டத்து மேனேஜர் தொரை இருக்க மாட்டாரு, சாவி என்கிட்ட இருக்கும். வெளிநாட்டு மியூசியங்க தங்கிட்ட இருக்குற சித்திரங்கள எல்லாம் படம் பிடிச்சி இன்டர்நெட்டுல போட்டு வச்சிருக்கானுங்கன்னு ஒரு பேப்பர்ல வாசிச்சேன். ஆளுங்க பேரு போட்டு செக்ரோல் எழுதுற எனக்கு சித்திரத்தப் பத்தி என்ன மண்ணு தெரியும்? ஆனா ஒரு சித்திரத்த வச்சிக்கிட்டு எதத்தான் படிப்பிக்க முடியாது! மாளிக ஜன்னல எண்ணச் சொல்லி கணக்கு, கப்பல் எந்தக் கடல்ல போகுதுன்னு மேப்புல தேடச் சொல்லி பூமிசாத்திரம், படத்துல இருக்குறவன் என்ன பேசுவான்னு எழுதச் சொல்லி தமிழ். கீழ இருக்குற இங்கிலீஷ சனிக்கெழமையே அகராதி பாத்து மனப்பாடம் பண்ணிட்டு, ஞாயித்துக்கெழம சும்மா தெரிஞ்சவன் மாதிரி அள்ளி விடுவேன்.

படம் ஒரேயடியா வராது. மேல இருந்து ஒரு கோடு, ஒரு கோடா எறங்கும். மொதல்ல வானம் வரும். கீழ என்ன வரப் போகுதுன்னு நீயும் நானும் பந்தயம் கட்டுவோம். மரம்னு நான் சொல்லுவேன், கோயில்னு நீ சொல்லுவ, கடைசியில ஒருத்தன் தொப்பி வரும். யாராவது ஆபிஸுக்கு போன் எடுத்தா பாதித் தலையோட படம் நின்னுரும், அந்தப் பாதிய ஒன் கொப்பியில நீயே வரைஞ்சி முடிப்ப. அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததில்ல, அதுதான் உண்மை. குவாட்டர்ஸ்ல இருந்து ஆபிஸுக்கு நூறு படி இருக்குமா, அந்தப் படியெல்லாம் ஒன்னயத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் எறங்குவேன். ஒன் காலு ரெண்டும் குத்துக்கல்லு மாதிரி இருந்திச்சி. தூக்கிக்கிட்டு போறதப் பாத்த ஆளுங்க, பாவம் கிளாக்கரு, புள்ள மேல உசுர வச்சிருக்காருன்னு சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே நடப்பேன். ஒரு நாள் தோள்ல இருந்துக்கிட்டு நெஞ்சுல கைய வச்சி, "அப்பா, இப்ப வேகமா அடிக்குது, பயமா இருக்கு"ன்னு சொன்ன. அன்னைக்காவது எறக்கி விட்டுருக்கணும். எறக்கி விட்டு, போ, ஓடுன்னு சொல்லிருக்கணும். மொள்ள மூச்சு விடு மகள், சரியாயிரும்னு சொன்னேன். நல்லாருந்த நெஞ்சுக்கு வைத்தியம் சொன்ன மனுசன் நான்.

ஒரு ஞாயித்துக்கெழம அத்தை வந்தாங்க, தேங்கா ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு. தோட்டத்துல ஆளுங்க ஆபிஸுக்குள்ள வர மாட்டாங்க, வெளிய நின்னு ஜன்னல் வழியாத்தான் காரியம் பேசுவாங்க. கூடப் பொறந்த தம்பி உள்ள இருந்தும் அத்தை அந்த ஜன்னல்லதான் வந்து நின்னாங்க. நானும் உள்ள வாங்கன்னு சொல்லல. நீதான் கைய நீட்டி, அத்தை உள்ள வந்து படத்தப் பாருங்கன்னு கூப்பிட்ட. காலத் தொடச்சிட்டு வந்தாங்க. அன்னைக்கு வந்திருந்த படத்துல ஒரு வயக்காட்டுல ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தி குனிஞ்சி கெழங்கு பொறுக்குறா, இன்னொருத்தி நிமிந்து நிக்கிறா. நான் வெளிச்சம், நெழலு, மஞ்ச கலரு, அரக்குக் கலருன்னு மனப்பாடம் பண்ணினத எல்லாம் ஒனக்கு சொல்லிக்கிட்டு இருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் பாத்துட்டு, நிக்கிறவளுக்கு இடுப்பு விட்டுப் போச்சி, அதான் கைய பின்னால குடுத்திருக்கான்னாங்க. நெழலு நீட்டிப் போச்சி, சாக்கு இன்னும் நெறயல, பேச்சு வாங்கப் போறோம்னு குனிஞ்சிருக்கிறவளுக்குத் தெரியும், அதான் நிமிராம பொறுக்குறான்னாங்க. நீ வாயத் தெறந்து கேட்டுக்கிட்டு இருந்த. ரெண்டு வருஷத்துல ஒனக்கு நடந்த நல்ல பாடம் அந்த ஒண்ணுதான்னு இப்ப சொல்றேன். அப்ப எனக்குப் பொறாமையா இருந்திச்சி.

அதுக்குப் பொறகுதான் நீ கேட்ட, நம்ம கொழுந்து எடுக்குற படம் இதுல இருக்குமாப்பான்னு. இருக்காதுன்னு சொன்னேன். தேடிப் பாருங்கன்னு நச்சரிச்ச. தேடினேன், வந்திச்சி. ஏதோ ஒரு நாட்டு மியூசியத்துல வச்சிருக்குற பழைய போட்டோ. மேல இருந்து பனி மூட்டம் எறங்கிச்சி, பொறகு தலையில போட்ட துணி, நெத்தியில கயிறு, மூஞ்சி, முதுகுல கொழுந்துக் கூட. கீழ இங்கிலீஷ்ல, இலங்கை, தேயிலைத் தோட்டக் கூலிப் பெண்ணுன்னு போட்டிருந்திச்சி. பேரு கெடையாது. மத்த படத்துல நாய்க்குட்டிக்குக்கூட பேரு போட்டிருந்தானுங்க. என்னப்பா எழுதியிருக்குன்னு கேட்ட. ஒரு பொம்பள, ஏதோ வேற நாடுன்னு சொன்னேன். அத்தை சிரிச்சிட்டாங்க. "வேற நாடா? தம்பி, இது நம்ம ஆளுகடா. கயித்துக்கு அடியில துணிய மடிச்சி வச்சிருக்கா பாரு"ன்னாங்க. நான் திரும்பி, ஒன் முன்னாலயே அத்தையப் பாத்து சொன்னேன்: "ஒங்களுக்கு வாசிக்கத் தெரியுமா? தெரியாட்டி சும்மா இருங்க."

யாருக்காக அவங்க வாசிக்காம போனாங்களோ அவன் கேட்ட கேள்வி அது. அத்தை ஒன் தலையத் தடவிட்டு எந்திரிச்சாங்க. நீ பின்னாலயே, நானும் அத்தை கூட மலைக்குப் போயி அத்தைய வரையப் போறேன்னு நின்ன. மலை ஏறினா நெஞ்சு தாங்காதுன்னு அதட்டி உக்கார வச்சிட்டு வெளிய வந்தேன். படியில வச்சித்தான் அத்தை கேட்டாங்க, "தம்பி, டொக்டர் அன்னைக்கு அப்பிடி சொல்லலியே. நானுந்தானே நின்னேன்"னு. ஞாயித்துக்கெழமையில இந்தப் பக்கம் வராதீங்க அக்கா, புள்ளைக்குப் பாடம் கெடுதுன்னு சொன்னேன். சரிப்பான்னு போயிட்டாங்க. அதுக்குப் பொறகு அத்தை நம்ம வீட்டுக்கு வந்தது எல்லாம் பின்பக்கமா, குசினிக் கதவு வழியா, நான் ஆபிஸ்ல இருக்குற நேரமா பாத்துத்தான். ஏன் அத்தை முன்ன மாதிரி வர்றதில்லன்னு நீ கேட்டுக்கிட்டே இருந்த, வேல அதிகம்னு சொல்லி வச்சேன்.

பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல ஒன் பேரு வெட்டாம இருந்ததுனால, நீ புலமைப்பரிசில் பரீட்ச எழுதி பாஸ் பண்ணி அட்டனுக்குப் படிக்கப் போன. என் திட்டம் பலிச்சிருச்சின்னு எனக்கு நெஞ்சு நிமிந்திச்சி. அங்கயாவது பொய்ய முடிச்சிருக்கலாம். முடிச்சா மொதப் பொய்யும் வெளிய வந்துரும். அதனால, இந்தப் புள்ளைய வெளையாட்டுல சேக்க வேணாம்னு நானே என் கையால எழுதிக் குடுத்தேன். விளையாட்டுப் போட்டி அன்னைக்கு வந்து பாத்தேன். மத்த புள்ளைங்க வேத்து விறுவிறுக்க ஓடுறாங்க, நீ கூடாரத்துக்குள்ள உக்காந்து புள்ளி எழுதிக்கிட்டு இருந்த. என்னயப் பாத்து சிரிச்சி கையாட்டின. ஊருலகத்துல அப்பனுங்க புள்ளைங்கள அடிக்கிறானுங்க, குடிச்சிட்டு வந்து ஏசுறானுங்க. நான் ஒரு அடி அடிச்சதில்லன்னு பெருமையா திரிஞ்சேன். தூ.

ஒன் போனுக்குப் பொறகு ஒங்கம்மா அழுதுக்கிட்டே அத்தைகிட்ட விஷயத்த சொல்லிருக்கா. முந்தாநாள் சாயங்காலம் அத்தை வந்தாங்க, இத்தன வருஷத்துக்குப் பொறகு முன்வாசல் வழியா. உக்காரல. "அந்தப் புள்ள கல்யாணம் நின்னாலும் நிக்கும்போல இருக்கு. நீ சொல்றியா, நான் சொல்லவா?"ன்னு கேட்டாங்க. நானே சொல்றேன்னு சொன்னேன். மொதல்ல பொண்டாட்டிகிட்ட சொல்லுன்னாங்க. ராத்திரியே சொன்னேன். ஒன் நெஞ்சுக்காக வேண்டிக்கிட்டு ஒங்கம்மா அன்னையில இருந்து வெள்ளிக்கெழம பச்சத் தண்ணி பல்லுல படாம இருந்தவ, ஒனக்கே தெரியும், அல்சர் வந்தும் விடல. நான் சொன்னத கேட்டுக்கிட்டு பாத்திரத்தக் கழுவிக்கிட்டே இருந்தா. நேத்து வெள்ளிக்கெழம. காலையிலயே சோறாக்கி, தட்டுல போட்டு, என் முன்னால உக்காந்து சாப்பிட்டா. அழுதுக்கிட்டே சாப்பிட்டா. இன்னும் என்கூட பேசல.

ஒனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்ல. இருந்தாலும் ஒண்ணு சொல்லுவேன். ஒனக்குப் புள்ள பொறந்து, அதுக்கும் நீ படம் காட்டிப் பாடம் சொல்லிக் குடுத்தா, பக்கத்துல உக்காந்து பாக்குறவங்க யாரா இருந்தாலும் பேச விடு. என்னய மாதிரி வாய அடைக்காத. அந்தப் போட்டோவ நேத்து ஒன் பழைய கம்பியூட்டர்ல தேடிப் பாத்தேன், கெடைக்கல. கெடைச்சா அத்தைய கூப்பிட்டு உக்கார வச்சி, அவங்க சொல்றத எழுதி வாங்கி ஒனக்கு அனுப்புறேன். நேத்து லயத்துக்குப் போயி அத்தை முன்னால நின்னேன். மன்னிச்சிருங்க அக்கான்னேன். மொதல்ல புள்ளைகிட்ட கேளுன்னு சொல்லிட்டாங்க. கேக்குறேன் மகள். மன்னிச்சிருன்னு கேக்குறதுக்குக்கூட கூச்சமா இருக்கு, கேக்காம இருக்கவும் முடியல.

என் வார்த்தைய நம்பி நீ இருந்தது போதும். எந்த டொக்டர்கிட்டயாவது, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயி நெஞ்சக் காட்டு. நான் நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல மஸ்கெலியாவுக்குப் போயி, மாப்பிள்ள வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சி இத அப்பிடியே சொல்லப் போறேன். இப்பிடிப்பட்ட அப்பன் வீட்டுல பொண்ணெடுக்க யோசிக்கிறோம்னு அவங்க சொன்னா, அதுல ஒன் குத்தம் எதுவும் இல்லன்னு கும்புட்டு சொல்லிட்டு வருவேன். கல்யாணம் நடந்தா ஒன்னயத் தார வாத்துக் குடுக்க நான் நிக்கணுமா வேணாமாங்கிறத நீ சொல்லு. அத்தையும் மாமாவும் நிக்கட்டும்னு ஒனக்குத் தோணுனா, யோசிக்காம சொல்லிரு. நான் பந்தியில எல போட்டு சோறு பரிமாறிக்கிட்டு நிப்பேன்.

ஒன் அப்பா